பிறை முகாமின் குரல்கள்: போர்க் கைதிகளின் வரலாறும் நம் கடமையும்

தமிழில் 'எம்டன்' என்னும் சொல்லை அறியாதார் இலர். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கொள்கலன்களைக் குண்டு வீசி எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. எதற்கும் அஞ்சாத, தந்திரம் மிக்க ஆளை 'அவன் பெரிய எம்டன்' என்று நம் பெரியவர்கள் சொல்வது இன்றும் வழக்கில் உண்டு. அந்தக் கப்பலைச் சேர்ந்த சிலர் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, சிங்கப்பூரின் டாங்ளின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பதோ, அங்கே காவலுக்கு நின்றவர்களுள் இந்திய முஸ்லிம் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதோ நம்மில் பலருக்குத் தெரியாது. 5ஆம் இலகு காலாட்படையைச் சேர்ந்த அந்தச் சிப்பாய்கள் 1915 பிப்ரவரி 15 அன்று கிளர்ந்தெழுந்து முகாமின் கதவுகளைத் திறந்துவிட்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் அவர்களில் 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று தப்பிச் சென்ற ஜெர்மானியக் கைதிகளுள் ஒருவரான யூலியுஸ் லௌட்டர்பாஹ் தம் வீரதீரங்களை நூலாக எழுதினார். சுடப்பட்ட 47 பேருடைய கதையோ விசாரணை ஏடுகளோடு நின்றுவிட்டது.

இந்த வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. போரில் சிறைப்பட்ட மனிதர்களுள் எவருடைய வாழ்க்கை வரலாறாகிறது, எவருடையது வெறும் எண்ணிக்கையாகிப் போகிறது என்பதை எண்ணிப் பார்க்க விழைகின்றோம். அதற்கு எடுத்துக்காட்டாக, சிங்கப்பூர் நிகழ்ச்சி நடந்த அதே ஆண்டில் பூமியின் மறுகோடியில், ஜெர்மனியின் மண்ணில், முஸ்லிம் போர்க் கைதிகளுக்கெனவே அமைக்கப்பட்ட ஒரு முகாமின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம்.

பெர்லினுக்குத் தெற்கே ஒரு பள்ளிவாசல்

பெர்லின் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ஸோஸன், வுன்ஸ்டோர்ஃப் என்னும் ஊர்கள் உள்ளன. முதல் உலகப் போரின்போது அங்கே இரு தனி முகாம்கள் அமைந்தன. ஒன்று, ரஷ்யப் படையிலிருந்து சிறைப்பட்ட தாத்தாரிய முஸ்லிம்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட 'திராட்சைமலை முகாம்'. மற்றொன்று, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, மேற்கு ஆப்பிரிக்க நாட்டவரும் ஆங்கிலேயப் படையின் இந்தியரும் வைக்கப்பட்டிருந்த 'ஹால்ப்மோண்ட்லாகர்', அதாவது பிறை முகாம். இந்தியருள் முஸ்லிம்கள் மட்டுமின்றிச் சீக்கியரும் இந்துக்களும் கூர்க்கர்களும் இருந்தனர்.

1915 ஜூலை 13, ஹிஜ்ரி 1333 ரமளான் பிறந்த நாளில், பிறை முகாமில் ஒரு பள்ளிவாசல் திறந்து வைக்கப்பட்டது. முழுவதும் மரத்தால் ஆனது. குவிமாடமும் 23 மீட்டர் உயர மினாராவும் கொண்டது. ஜெர்மனியில் அதற்கு முன்னும் 'மசூதி' என்று பெயர் பெற்ற கட்டடம் இருந்ததுண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஷ்வெட்ஸிங்கன் அரண்மனைத் தோட்டத்தில் எழுப்பப்பட்டது அது. ஆனால் அது தோட்டத்து அலங்காரம். தொழுகைக்காகவே கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் இந்தக் கைதிகளின் பள்ளிவாசல்தான். ஐரோப்பாவின் நடுவே, முள்வேலிக்குள், மரமினாராவிலிருந்து பாங்கு ஒலித்தது. முகாமில் இமாம்கள் இருந்தனர். மார்க்க முறைப்படி அறுக்கவும் நோன்பு நோற்கவும் பெருநாள் கொண்டாடவும் ஏற்பாடுகள் இருந்தன. தொழுகை அணிவகுப்புகளும் பெருநாள் காட்சிகளும் புகைப்படங்களாக எடுக்கப்பட்டு, அஞ்சல் அட்டைகளாக அச்சிடப்பட்டன.

இத்தனை பரிவு எதனால் வந்தது? விடை 1914ஆம் ஆண்டின் அரசியலில் உள்ளது. அவ்வாண்டு நவம்பரில் உதுமானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் சேர்ந்து போரில் இறங்கியது. நவம்பர் 14 அன்று இஸ்தான்புல்லில் ஜிஹாத் ஃபத்வா அறிவிக்கப்பட்டது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர் ஆகிய மூவர் ஆட்சியிலும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் வாழ்ந்தனர். அவர்களைத் தம் ஆட்சியாளர்களுக்கு எதிராகத் திருப்பிவிடலாம் என்று திட்டம் வரைந்து கொடுத்தவர் மாக்ஸ் ஃபான் ஒப்பன்ஹைம் என்னும் கீழ்த்திசை அறிஞர். அவருடைய திட்டத்தின் செயற்களமே பிறை முகாம். கைதிகளின் உள்ளத்தைக் கவர்ந்து, அவர்களை உதுமானியப் படைக்கு அனுப்புவதே நோக்கம். 'அல் ஜிஹாத்' என்ற பெயரில் அரபி, தாத்தாரி, ரஷ்ய மொழிகளில் ஓர் இதழும், 'ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் உருது, ஹிந்தி மொழிகளில் ஓர் இதழும் முகாமில் வழங்கப்பட்டன.

கைதிகளைக் காட்சிப் பொருளாக்குவது போரின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது. வட ஆப்பிரிக்கக் கைதிகள் 14 பேரைத் தேர்ந்தெடுத்து, சர்க்கஸ் குழுவினர் என்ற வேடத்தில் ரயிலேற்றி இஸ்தான்புல்லுக்கு அழைத்துச் சென்றனர். ஜிஹாத் அறிவிக்கப்பட்ட அன்று ஜெர்மானியத் தூதரகத்தின் மாடத்தில் நின்று கூட்டத்தின் முன் முழக்கமிட அவர்கள் பணிக்கப்பட்டனர். இந்தச் சூழ்ச்சியைக் கண்ட டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே, ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட புனிதப் போர் என்று 1915இல் கண்டித்து எழுதினார். அவரே இந்தோனேசியாவில் டச்சு ஆதிக்கத்துக்கு ஆலோசகராக இருந்தவர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. இந்திய முஸ்லிம் வீரர்களின் ஜனாஸாவுக்கு உரிய மரியாதை இங்கிலாந்தில் தரப்படவில்லை என்று ஜெர்மானியர் பரப்புரை செய்தபோது, வோகிங் நகரத்து ஷாஜஹான் பள்ளிவாசலுக்கு அருகே முஸ்லிம் வீரர்களுக்கெனத் தனி மையவாடியை ஆங்கிலேய அரசு அமைத்தது. 1917இல் அது நிறைவுற்றது. ஒரு பேரரசு உயிரோடு இருந்தவர்களுக்குப் பள்ளிவாசல் கட்டியது. மற்றொரு பேரரசு இறந்தவர்களுக்கு அடக்கத்தலம் அமைத்தது. இரண்டிலும் உதவி உண்மை, உள்நோக்கமும் உண்மை.

இரண்டு பட்டங்களுக்கு நடுவே

பிறை முகாமின் இந்தியப் பகுதியில் பரப்புரைப் பொறுப்பு பெர்லின் இந்தியக் குழுவினரிடம் இருந்தது. சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயர் அதன் முன்னணித் தலைவர். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளையும் அதன் உறுப்பினர். போபாலைச் சேர்ந்த மௌலவி பரகத்துல்லாஹ்வும் அந்த வட்டத்தில் இருந்தார். பரகத்துல்லாஹ், ராஜா மகேந்திர பிரதாப்போடு காபூல் சென்று, 1915 டிசம்பர் 1 அன்று அங்கு நிறுவப்பட்ட தற்காலிக இந்திய அரசின் பிரதமரானார். இவர்களது நாட்டுப்பற்றில் நமக்கு ஐயமில்லை. எனினும் முகாமில் இருந்த சாதாரணச் சிப்பாய், இவர்களது கண்ணிலும் முதலில் ஒரு வருங்காலப் போராளியாகவே தென்பட்டான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிப்பாய்களின் நெஞ்சமோ எளிதில் வகைப்படுத்த முடியாததாக இருந்தது. கைபர் பகுதியின் அஃப்ரீதி இனத்தைச் சேர்ந்த மீர் தஸ்த், மீர் மஸ்த் என்னும் உடன்பிறந்தார் இருவரின் வரலாறு இதற்குச் சான்று. இருவரும் இந்தியப் படையின் ஜமேதார்கள். மீர் மஸ்த் 1915 மார்ச் மாதத் தொடக்கத்தில், பிரான்சின் போர்முனையில் இரவோடு இரவாகத் தம் தோழர் சிலரோடு ஜெர்மானியர் பக்கம் சென்றார். சில வாரங்களில், ஏப்ரல் 26 அன்று, ஈப்ரெஸ் களத்தில் நச்சுப்புகைக்கிடையே காயமுற்ற தோழர்களைத் தூக்கிவந்து காத்த மீர் தஸ்துக்கு ஆங்கிலேய அரசின் மிக உயர்ந்த வீரவிருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஒருவரைத் துரோகி என்றும் மற்றவரை விசுவாசி என்றும் ஆங்கிலேயர் எழுதினர். ஜெர்மானியர் பார்வையில் இந்தத் தீர்ப்பு தலைகீழானது. ஒரே தாயின் மடியில் வளர்ந்த இருவரை இந்த இரண்டு சொற்களில் அடக்கிவிட முடியுமா?

பரப்புரையின் விளைவும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. தாத்தாரியரும் அரபியருமாகச் சிலர் உதுமானிய நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். இந்தியருள் சென்றவர் மிகச் சிலரே. குளிரும் காசநோயும் முகாமில் உயிர்களைப் பறித்தன. 1917இல் இந்தியரும் வட ஆப்பிரிக்கரும் பெருமளவில் ருமேனியாவுக்கு மாற்றப்பட்டனர். ஜிஹாதுக்கு ஆள் சேர்க்கும் களம் என்ற வகையில் முகாமின் பணி அத்தோடு முடிந்தது. ஆனால் அதற்குள் வேறொரு வேலை அங்கே நடந்தேறியிருந்தது. அதனால்தான் இன்றும் அந்த முகாமைப் பற்றிப் பேச நம்மிடம் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது.

கூம்புக் குழலின் முன்

1915இல் 'அரச பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையம்' ஒன்று நிறுவப்பட்டது. அதன் தலைவர் உளவியல் அறிஞர் கார்ல் ஷ்டும்ஃப். செயலாற்றியவர் வில்ஹெல்ம் டேகன் என்னும் மொழியாசிரியர். உலகின் மொழிகளையும் இசையையும் பதிவு செய்ய அறிஞர்கள் இனிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை, உலகமே முள்வேலிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். முப்பதுக்கும் மேற்பட்ட முகாம்களில், ஏறத்தாழ 250 மொழிகளிலும் கிளைமொழிகளிலும், 1,650 அளவிலான இசைத்தட்டுப் பதிவுகளை அவர்கள் எடுத்தனர். மெழுகு உருளைகளில் எடுக்கப்பட்ட பதிவுகள் இவற்றுக்கு அப்பாற்பட்டவை.

பதிவு நடந்த முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு கைதிக்கும் ஒரு விவரப் படிவம் நிரப்பப்பட்டது. பெயர், பிறந்த ஊர், வளர்ந்த ஊர், சமயம், தொழில், தாய் தந்தையரின் ஊர், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன இசைக்கருவி வாசிப்பான் என்ற கேள்விகள் அதில் இருந்தன. இறுதியில் அவன் குரல் எத்தகையது என்று நிபுணரின் மதிப்பீடு. பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதிப் பயில வேண்டும். பிறகு கூம்பு வடிவக் குழலுக்குள் முகம் வைத்துச் சில நிமிடங்கள் பேச வேண்டும். சுருதியை அளக்க ஒரு குழல் ஓசையும் பதிவில் சேர்க்கப்பட்டது. மானுடவியலார் சிலர் கைதிகளின் தலையையும் உடலையும் அளந்தனர். முகாம் அதிகாரியான ஓட்டோ ஷ்டீல் அவர்களைப் புகைப்படமெடுத்து, 'நம் பகைவர்கள்' என்ற பொருள்தரும் தலைப்பில் 1916இல் நூலாக வெளியிட்டார்.

அறிஞர்களுக்கு வேண்டியிருந்தது மொழியின் ஓசை. பேசுகிறவன் என்ன சொல்கிறான் என்பது அவர்களுக்கு இரண்டாம் நிலையே. ஆனால் குழலின் முன் நின்றவன் மனிதன் அல்லவா? அவன் தன் கதையைச் சொன்னான்.

1916 டிசம்பர் 11 அன்று பேசியவர் பஞ்சாபைச் சேர்ந்த மால் சிங் என்னும் சீக்கியச் சிப்பாய். ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடக்குறைய நீளும் பேச்சு அது. அவர் தம்மைப் பற்றி 'நான்' என்று சொல்லவில்லை. யாரோ ஒருவனைப் பற்றிப் பேசுவதுபோலத் தொடங்குகிறார். அவன் ஹிந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வளர்ந்தவன். ஐரோப்பியப் போருக்கு வந்தான். ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் ஊர் திரும்ப ஏங்குகிறான். இறைவன் கருணை செய்தால் சமாதானம் வரும், அவன் வீடு போய்ச் சேர்வான். பேச்சின் சாரம் இவ்வளவே. இதில் கைசரும் இல்லை, ஆங்கிலேய அரசரும் இல்லை. ஒரு கிண்ணம் வெண்ணெயும் ஒரு வீடும் இருக்கின்றன. தன்னைப் படர்க்கையில் வைத்துச் சொன்னது எதனால்? கதை சொல்லும் மரபாக இருக்கலாம். காவலர் முன்னிலையில் தன் துயரைத் தன்னுடையது என்று சொல்லத் துணியாமையாகவும் இருக்கலாம். எதுவாயினும், சிறைப்பட்டவன் பேசும் விதத்தைச் சிறை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெர்லின் சேகரிப்பில் பாடல்கள் உள்ளன. நாட்டார் கதைகள் உள்ளன. இறந்தவர் ஆவியாக அலைவது பற்றிய பேச்சும் உள்ளது. விவிலியத்தில் வரும் ஊதாரி மகனின் கதையைத் தம் தாய்மொழியில் ஒப்பிக்கும்படி பல மொழியினரிடம் கேட்கப்பட்டது. மொழிகளை ஒப்பிட ஒரே வாசகம் வேண்டும் என்பது அதற்கான காரணம். வீட்டை விட்டுத் தூர நாடு சென்று துன்புற்று, மீண்டும் தந்தையின் வாசலை அடைந்த மகனின் கதை அது. அதைக் கைதிகளிடம் சொல்லச் செய்தவர்களுக்கு ஒலியே கருத்தாக இருந்தது. சொன்னவர்களின் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும் என்பதைப் படிவத்தில் நிரப்ப இடமில்லை.

இப்பதிவுகள் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் நெடுங்காலம் ஓசையின்றிக் கிடந்தன. 1990களில் கெர்ஹார்ட் ஹோப் என்னும் ஆய்வாளர் இம்முகாமின் வரலாற்றை வெளிக்கொணர்ந்தார். 2007இல் ஃபிலிப் ஷெஃப்னர் எடுத்த 'தி ஹாஃப்மூன் ஃபைல்ஸ்' என்னும் ஆவணப்படத்தின் வழியே மால் சிங்கின் குரல் உலகின் செவிக்கு எட்டியது. 2011இல் ரவி அஹூஜா உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் தெற்காசியக் கைதிகளைப் பற்றித் தனி நூலே தொகுத்தனர். எண்ணாகவும் ஓசையாகவும் வைக்கப்பட்டிருந்தவர்கள் நூற்றாண்டின் இறுதியில்தான் மெல்ல மெல்ல மனிதர்களாயினர்.

கதை எழுத ஆள் இருந்த கைதி

அதே போரின் கைதியாகத் தீவாந்தரம் அனுப்பப்பட்ட ஒருவரை நம் சமூகம் நன்கறியும். அவர் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 'பட்டுக் கடித' முயற்சி 1916இல் வெளிப்பட்ட பின் ஹிஜாஸில் கைது செய்யப்பட்ட அவர்கள், 1917இல் மால்டா தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சிறையில் இருந்தபடியே குர்ஆனின் உருது மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்தார்கள். 1920இல் விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பி, அவ்வாண்டின் இறுதியிலேயே மறைந்தார்கள். உடனிருந்த மாணவர் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) ஆசிரியரின் சிறைவாழ்வை நூலாக எழுதி வைத்தார்கள். அதனால் 'மால்டாவின் கைதி' என்ற பெயர் இன்றும் மதரஸாக்களில் மரியாதையோடு ஒலிக்கிறது.

அது உரிய மரியாதை. குறைவின்றிப் போற்றத்தக்க தியாகம். ஆனால் வுன்ஸ்டோர்ஃப் முள்வேலிக்குள் இருந்த ஜீலம் மாவட்டத்து உழவனுக்கோ, துனீசியாவின் ஆட்டிடையனுக்கோ, கஸானின் தாத்தாரியத் தையல்காரனுக்கோ நூல் எழுத மாணவர் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கொள்கைக்காகச் சிறை புகுந்தவர்களும் அல்லர். வறுமையாலோ குலவழக்கத்தாலோ கட்டாயத்தாலோ அந்நியன் படையில் சேர்ந்து, தமக்குத் தொடர்பில்லாத போரில் பிடிபட்டவர்கள். இத்தகையோரின் வாழ்வையும் மதித்து எழுத வேண்டுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. 'அவர்கள் அந்நிய ஆட்சியின் கூலிப்படை. அவர்களில் போற்ற என்ன இருக்கிறது?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இக்கேள்விக்கு விடை தேட நம் சொந்த வரலாற்று மரபின் முதல் ஏடுகளைப் புரட்டுவோம்.

பத்ரின் கைதிகள்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் மக்கத்துக் குறைஷியரில் எழுபது பேர் சிறைப்பட்டனர். இஸ்லாமிய வரலாற்றின் முதற் பெரும் போரின் கைதிகள் இவர்கள். இவர்கள் பகைவர்கள்; நபியவர்களை (ஸல்) ஊரைவிட்டுத் துரத்தியவர்களின் அணியில் வாளேந்தி வந்தவர்கள். ஆயினும் இப்னு இஸ்ஹாக்கின் ஸீரா நூல், இப்னு ஹிஷாமின் வடிவில் நம் கைக்கு வந்தது, இந்தக் கைதிகளின் பெயர்களைக் குலவாரியாகப் பட்டியலிட்டுத் தருகிறது. வென்றவர்களின் நூலில் தோற்றவர்களின் பெயர்கள், தந்தை பெயரோடும் குலப்பெயரோடும் இடம்பெற்றிருக்கின்றன.

பெயரோடு கதைகளும் உள்ளன. கொடி தாங்கிய முஸ்அப் இப்னு உமைரின் (ரலி) உடன்பிறந்தாரான அபூ அஸீஸ் கைதியாக இருந்தார். கைதிகளை நல்லமுறையில் நடத்துமாறு நபியவர்கள் (ஸல்) சொல்லியிருந்ததால், காவலிருந்த அன்ஸாரிகள் தாம் பேரீச்சம்பழம் உண்டு தமக்கு ரொட்டியைக் கொடுத்தனர் என்றும், வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் அவர்கள் வாங்கவில்லை என்றும் பின்னாளில் அவரே எடுத்துரைத்தார். கைதி தன் வாயால் சொன்ன கதை. அது ஸீராவில் ஏறியது. நபியவர்களின் மகளார் ஸைனப் (ரலி), சிறைப்பட்டிருந்த தம் கணவர் அபுல் ஆஸை மீட்கத் தம் தாயார் கதீஜா (ரலி) அணிவித்த கழுத்தணியை அனுப்பியதும், அதைக் கண்டு நபியவர்கள் (ஸல்) உள்ளம் உருகியதும், தோழர்களின் இசைவோடு அணியையும் கைதியையும் திருப்பியனுப்பியதும் நாம் அறிந்தவை. மீட்புப் பணம் தர இயலாது எழுத்தறிவு பெற்றிருந்த கைதிகள் மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றதும் அவ்வாறே.

இவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கைதிகளுள் ஸுஹைல் இப்னு அம்ர் பெரும் பேச்சாளர். இஸ்லாத்திற்கு எதிராகத் தம் நாவைப் பயன்படுத்தியவர். இனி அவர் மேடையேறிப் பேச இயலாதபடி முன்பற்களைப் பிடுங்கிவிட அனுமதி கேட்டார் உமர் (ரலி). நபியவர்கள் (ஸல்) மறுத்தார்கள். எவருடைய உறுப்பையும் சிதைக்கத் தமக்கு உரிமையில்லை என்றும், நீர் குறை காணாத ஒரு நிலையில் அவர் நின்று பேசும் நாளும் வரக்கூடும் என்றும் கூறினார்கள். பின்னர் ஸுஹைல் இஸ்லாத்தைத் தழுவினார். நபியவர்கள் (ஸல்) மறைந்த வேளையில் மக்கா நிலைகுலைந்தபோது, எழுந்து நின்று பேசி மக்களை உறுதிப்படுத்தியது அதே நாவுதான். சிறைப்பட்டவனின் குரலைச் சிதைக்காமல் காத்ததற்கு வரலாறு தந்த பரிசு அது.

அல்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம், நல்லோரின் பண்பைச் சொல்லும்போது ஏழையையும் அநாதையையும் கைதியையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. இம்மூவருக்கும் உணவளித்து, பதிலாக நன்றியைக்கூட எதிர்பார்க்காதவர்கள் நல்லோர் என்கிறது. பிறை முகாமை இந்த உரைகல்லில் வைத்துப் பார்த்தால் அதன் பொன்னும் பித்தளையும் தெரிந்துவிடும். அங்கே உணவு கிடைத்தது, பள்ளிவாசலும் கிடைத்தது. ஆனால் எதிர்பார்ப்பு இருந்தது. நன்றியாக உயிரையே கேட்ட விருந்தோம்பல் அது.

ஆகவே முன்சொன்ன ஐயத்துக்கு விடை இதுவாகிறது. எதிர்த்து நின்ற பகைவனின் பெயரையும் கதையையும் காத்து வைத்த மரபு நம்முடையது. அத்தகைய நாம், வயிற்றுப்பாட்டுக்காகப் படையில் சேர்ந்து, அந்நிய மண்ணில் ரமளானைக் கழித்த நம் சகோதரனின் கதையை வேண்டாமென்று ஒதுக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. அவன் வீரனாக இருந்தானா என்பது வேறு கேள்வி. அவன் இருந்தான் என்பதே பதியப்பட வேண்டிய முதற்செய்தி.

மரப்பள்ளி மறைந்த பின்

போர் முடிந்த பின் வுன்ஸ்டோர்ஃப் பள்ளிவாசல், பெர்லினில் வாழ்ந்த சிறிய முஸ்லிம் சமூகத்துக்குச் சில ஆண்டுகள் பயன்பட்டது. மரக்கட்டடம் நைந்துபோகவே 1920களின் நடுவில் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னாளில் அந்த வட்டாரம் சோவியத் படையின் பெருந்தளமாகி, 1994 வரை வெளியார் நுழையாத நிலமாக இருந்தது. அருகே ஸேரன்ஸ்டோர்ஃபில் கைதிகளின் அடக்கத்தலம் உள்ளது. இந்தியக் கல்லறைகள் மட்டும் 206. இராணுவப் பயிற்சி நிலத்துக்குள் சிக்கிச் சிதைந்து கிடந்த அவ்விடம், சீரமைக்கப்பட்டு 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. முஸ்லிமும் சீக்கியரும் இந்துவும் கூர்க்கரும் அங்கே ஒரே வேலிக்குள் நினைவுகூரப்படுகின்றனர்.

2015இல் அகதிகளுக்கான வரவேற்பு மையம் அமைக்க வுன்ஸ்டோர்ஃபில் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, கட்டுமானத்துக்கு முன் தொல்லியலாளர் அகழ்ந்து பள்ளிவாசலின் எச்சங்களைக் கண்டனர். நூறாண்டு முன் கைதிகள் நின்று தொழுத மண்ணுக்கு, அவ்வாண்டு சிரியாவின் போரிலிருந்து தப்பியோடி வந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி வந்தனர். கட்டடம் போயிற்று, 'பள்ளிவாசல் தெரு' என்ற பெயர் மட்டும் அங்கே நிலைத்துவிட்டது.

எவ்வாறு போற்றுவது?

முன்னாள் கைதிகளின் வாழ்வைப் போற்றுவதில் மூன்று எச்சரிக்கைகள் நமக்குத் தேவை என்று கருதுகிறோம்.

முதலாவது, அவர்களை நம் விருப்பத்துக்கேற்ற வேடத்தில் நிறுத்தாதிருத்தல். ஜெர்மானியர் அவர்களை முஜாஹிதுகளாகக் காட்ட விரும்பினர். ஆங்கிலேயர் விசுவாசிகளாகக் காட்ட விரும்பினர். நாம் நம் பங்குக்கு அவர்களை விடுதலை வீரர்களாகவோ துரோகிகளாகவோ வரைந்தால் அதே தவற்றை மூன்றாம் முறை செய்தவர்களாவோம்.

இரண்டாவது, அவர்களுடைய குரலைக் கையாள்வதில் அடக்கம். அந்தப் பதிவுகள் சிறையில் எடுக்கப்பட்டவை. மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்தது என்பது ஐயத்துக்குரியது. அவற்றைக் கேட்கும்போது ஒரு கண்காட்சிப் பொருளைக் காணும் மனநிலை கூடாது. நம் ஹதீஸ் அறிஞர்கள் ஒரு சொல்லை ஏற்குமுன் சொன்னவர் யார், எங்கே, யாரிடம், எந்நிலையில் சொன்னார் என்று கேட்டனர். அந்த ஒழுங்கு இங்கும் வேண்டும். சொன்னவரைவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது பிரஷ்ய ஆணையத்தின் முறை. சொன்னவரோடு சேர்த்துச் சொல்லைக் காப்பது நம் முறை.

மூன்றாவது, காலம் தாழ்த்தாமை. இரண்டாம் உலகப் போரில் 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஏறத்தாழ நாற்பதாயிரம் இந்தியப் போர்வீரர் ஜப்பானியரிடம் கைதிகளாயினர். அவர்களுள் ஒருவரான ஷாநவாஸ் கான் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, 1945இல் செங்கோட்டை விசாரணையில் நின்று நாடறிந்த பெயரானார். சேராமல் மறுத்து, நியூகினி முதலிய தீவுகளுக்கு உழைப்பாளிகளாக அனுப்பப்பட்டு மாண்டவர்களின் பெயரை நாடு அறியவில்லை. அத்தலைமுறை ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளும் பேரர்களும் இருக்கிறார்கள். கடல் கடந்த பயணமும் வணிகமும் பிழைப்பும் நம் கடலோர ஊர்களுக்குப் புதியவை அல்ல. மலாயாவிலோ பர்மாவிலோ அந்தப் போரில் சிக்கியவர்களின் கடிதங்களும் அட்டைகளும் பழைய பெட்டிகளின் அடியில் இன்னும் இருக்கக்கூடும். முதல் உலகப் போர்க் கைதிகளைத் தேட விரும்புவோருக்கு, ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் பாதுகாத்த எழுபது இலட்சம் அளவிலான பெயரட்டைகள் 2014 முதல் இணையத்தில் பார்வைக்குக் கிடைக்கின்றன. தேடுவதற்கு வழி இருக்கிறது. தேடும் மனம்தான் வேண்டும்.

இனிச் சிறிய தொடக்கங்கள் போதும். ஒவ்வொரு ஊரின் ஜமாஅத்தும் தன் ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள், திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் என மூன்று பட்டியல்களைப் பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். முதியவர் ஒருவர் தம் தந்தையின் சிறைக்கதையைச் சொல்லும்போது, கைபேசியில் பதிவு செய்து, சொன்னவரின் பெயர், நாள், இடம் ஆகியவற்றோடு பாதுகாக்கலாம். கூம்புக் குழலும் நிபுணரும் வேண்டிய காலம் போய்விட்டது. இப்போது கேட்பவர் காவலர் அல்லர், பேரன். சொல்பவரும் தம்மை 'யாரோ ஒருவன்' என்று மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஸேரன்ஸ்டோர்ஃபில் அடங்கியிருப்போருக்கும், பெயர் தெரியாத மண்ணில் அடங்கிய ஏனையோருக்கும் இறைவன் கருணை புரிவானாக. பத்ரின் கைதிகளைப் பெயர் சொல்லி எழுதி வைத்த முன்னோரின் வழித்தோன்றல்கள் நாம். நம் வீட்டுக் கைதியின் பெயரை நாமே எழுதி வைக்காவிட்டால், அதை வேறு எவர் எழுதுவார்?